வேலையால் சோர்ந்தவர்களுக்குப் புதுப்பெலன்: மலைவாழ் விசுவாசிகளுக்கான முழுமையான வழிகாட்டி

நீலகிரிக்கு வெளியூர்க்காரர்கள் ஓய்வெடுக்க வருகிறார்கள். இங்கேயே பிழைக்கிறவர்களுக்கு அந்த சீசன்தான் வருஷத்திலேயே கடுமையான வேலைக்காலம். ஏப்ரல், மே வந்தால் லாட்ஜில் அறை துடைக்கிறவருக்கும், கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுகிறவருக்கும் ராத்திரி, பகல் கணக்கே இல்லை. நல்ல மழை பெய்து தேயிலை துளிர்த்துவிட்டால் தோட்டத்தில் பறிப்பும் ஓயாது, ஃபேக்டரியில் அரவையும் ஓயாது. விடியுமுன்னே கேரட் காட்டுக்குப் போகிறவர், ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்க்கிற நர்ஸ், பசுந்தேயிலை விலை இறங்கும்போதெல்லாம் தூக்கத்தைத் தொலைக்கிற சிறு விவசாயி என்று பட்டியல் நீளும்.

இவர்களில் பலர் சபையில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ஜெபம் பண்றேன், வேதம் வாசிக்கிறேன், ஆராதனைக்கும் போறேன். ஆனாலும் பெலனே இல்லையே. என் விசுவாசத்துல ஏதாச்சும் குறையா?"

குறை இல்லை. சோர்வு பாவம் அல்ல, அவிசுவாசமும் அல்ல. பெரும்பாலும் நாம் தொடங்குகிற இடம்தான் தவறு. சோர்ந்துபோனவனிடம் இன்னும் ஒரு உபவாசக் கூட்டம், இன்னும் ஒரு அதிகாலை ஜெபம் என்று சுமையைக் கூட்டுகிறோம். வேதத்தில் தேவன் சோர்ந்தவர்களை நடத்தின வரிசை வேறு. அந்த வரிசையிலேயே இந்த வழிகாட்டியை எழுதியிருக்கிறேன்.

முதல் படி: எந்தச் சோர்வு என்று பாருங்கள்

உடம்புச் சோர்வு தூங்கினால் குறையும். மனச் சோர்வு தூங்கி எழுந்தாலும் அப்படியே இருக்கும். மூன்றாவது ஒன்றும் உண்டு: உழைத்ததற்குச் சரியான கூலியும் மரியாதையும் கிடைக்காததால் வரும் சோர்வு. மூன்றும் கலந்தும் இருக்கும். ஒரு நாள் ராத்திரி படுக்கும் முன்பு, "இன்றைக்கு என்னை அதிகம் வாட்டியது எது?" என்று உங்களையே கேளுங்கள். வேலையா, வேலை வாங்குகிறவரா, வீடா, கடனா, வியாதியா? பதிலை ஜெபத்தில் சொல்வதற்கு முன்பு நமக்கே அது தெரிந்திருக்க வேண்டும்.

உடம்பைப் பரிசோதிப்பதும் இந்தப் படியைச் சேர்ந்ததுதான். படியேறினால் மூச்சு வாங்குகிறது, கண் இருட்டுகிறது, எப்போதும் அசதி என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இறங்கினால் அது ரத்தசோகை. சர்க்கரையும் தைராய்டும்கூட இப்படித்தான் ஆளைச் சாய்க்கும். நம் மலையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்து டீ குடிப்பது நமக்கு வழக்கம். அது சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். மருத்துவரிடம் போவது தேவனை நம்பாத காரியம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சுவிசேஷம் எழுதின லூக்காவே வைத்தியர்தான்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையாக வருகிறதா? செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா? அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. சாக வேண்டும் என்று சொன்ன ஒருவரை தேவன் எப்படி நடத்தினார் என்பதை அடுத்த படியில் பாருங்கள்.

இரண்டாம் படி: தூங்குங்கள், சாப்பிடுங்கள்

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கின அதே எலியா தீர்க்கதரிசி, யேசபேல் ராணியின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். பெரிய ஜெயத்துக்கு அடுத்தபடியாகவே இந்தச் சரிவு. சீசன் முழுக்க ஓடி முடித்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும். வேலை நடக்கும்போது தெரியாது, முடிந்த பிறகுதான் ஆள் விழுவார்.

தேவன் அவரைத் திட்டவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. எலியா படுத்துத் தூங்குகிறார். ஒரு தூதன் வந்து தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும், ஒரு பாத்திரத்தில் தண்ணீரும். சாப்பிட்டுக் குடித்து மறுபடியும் படுத்துக்கொள்கிறார். அதற்கும் திட்டு விழவில்லை. தூதன் இரண்டாந்தரம் வந்து தட்டியெழுப்பி, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சொல்லி மறுபடியும் சாப்பிடச் சொல்கிறான். தேவன் அவரோடு பேசுவது இதற்கெல்லாம் அப்புறம், 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு. தூக்கம், சாப்பாடு, மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு, நடை, அதன் பிறகே வார்த்தை. இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டு, பெலன் வரவில்லையே என்று நாம் கலங்குகிறோம்.

குன்னூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வீட்டு ஜெபம் முடிந்த பிறகு நடந்த பேச்சு இது. நாள் முழுக்க இலை பறித்துவிட்டு வந்திருந்த ஓர் அக்கா, விரலெல்லாம் கறையோடு, தலைச்சுமை அழுத்தின கழுத்தைத் தேய்த்துக்கொண்டே போதகரிடம் கேட்டார்:

"ஐயா, ராத்திரி ஜெபம் பண்ண முழங்கால் போட்டா அப்படியே தூங்கிடுறேன். ஆண்டவர் என்ன நினைப்பாரு?"

"பிள்ளை மடியில தூங்கிப்போச்சுன்னு நினைப்பாரும்மா. நாலு வார்த்தை சொல்லிட்டுப் படுங்க. காலையில மிச்சத்தைச் சொல்லுங்க."

சங்கீதம் 127 சொல்வதும் இதுதான். அதிகாலையில் எழுந்து, நேரங்கழித்துப் படுத்து, வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுவது வீண், "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்." இயேசுவே புயலடித்தபோது படகின் பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்கினார். பிரயாணத்தில் களைத்துப்போய்க் கிணற்றருகே உட்கார்ந்தார்.

ஆகவே முதல் ஒரு வாரம் புதிதாக எந்த ஆவிக்குரிய திட்டமும் போடாதீர்கள். செய்ய வேண்டியவை இவைதான். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பே படுங்கள். போனைப் படுக்கையில் வைக்காமல் வேறு அறையில், அல்லது எட்டாத அலமாரியில் வையுங்கள். காலைச் சாப்பாட்டை விடாதீர்கள். டீயும் பன்னும் சாப்பாடு ஆகாது. முட்டை, கீரை, பயறு ஏதாவது ஒன்று தினமும் உள்ளே போகட்டும். சாப்பிட உட்காரும்போது, தூதன் கொண்டுவந்த அடையை நினைத்து, "ஆண்டவரே, இது நீர் கொடுத்தது" என்று ஒரு வரி நன்றி சொல்லுங்கள். இந்த வாரத்துக்கு அந்த ஜெபமே போதும்.

மூன்றாம் படி: இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள்

சபையில் வாய் திறந்து ஜெபிக்கும்போது நமக்கென்று ஒரு நடை வந்துவிடுகிறது: "மகா பரிசுத்தமுள்ள பரலோகப் பிதாவே" என்று தொடங்கி அழகாக முடியும். அது நல்லதுதான். ஆனால் சோர்ந்திருக்கும் நாளில் அந்த நடைக்குள் நம் நிலைமை ஒளிந்துகொள்ளும்.

சங்கீதங்களில் பல புலம்பல்கள்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசியில்கூட ஸ்தோத்திரம் இல்லை. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள் என்றால், அப்படி ஜெபிக்கவும் நமக்கு உரிமை இருக்கிறது.

வேலைக்கு நடந்து போகும் வழி இதற்கு நல்ல நேரம். லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, தோட்டத்துக்கு ஏறும் பாதையில், பனிமூட்டத்தில் பக்கத்தில் யாருமில்லாதபோது, அம்மாவிடம் பேசுகிற பாஷையில் பேசுங்கள். வீட்டில் படுகு மொழி பேசுகிறவர் படுகிலேயே சொல்லலாம். "எனக்கு முடியலை ஆண்டவரே. சூப்பர்வைசர் பேசினது வலிக்குது. பையன் ஃபீஸுக்கு வழி தெரியலை." இவ்வளவுதான். உடனே நன்றி சொல்லி முடித்துவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சொல்லிவிட்டுக் கொஞ்ச தூரம் சும்மா நடங்கள்.

நான்காம் படி: ஒரே ஒரு வேதபகுதி, ஒரு வாரம் முழுக்க

தினம் மூன்று அதிகாரம் என்ற திட்டத்தைக் கொஞ்ச நாள் நிறுத்திவைக்கலாம். ஏசாயா 40:27 முதல் 31 வரை, ஐந்தே வசனம். பாபிலோன் சிறையிருப்பில் நொந்துபோன ஜனங்களுக்குச் சொன்ன ஆறுதல் இது. "என் வழி கர்த்தருக்கு மறைவாயிற்று" என்று அவர்கள் முறையிட்டதிலிருந்துதான் இந்தப் பகுதி தொடங்குகிறது.

ஒரு நாளைக்கு ஒரு வசனம் போதும். திங்கள் 27, செவ்வாய் 28 என்று போனால் வெள்ளிக்கிழமை 31-க்கு வந்துவிடுவீர்கள். அன்றைய வசனத்தைச் சின்னத் தாளில் எழுதி டிபன் பாக்ஸ் மூடிக்குள் வையுங்கள். சாப்பிடத் திறக்கும்போது கண்ணில் படும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம், அல்லது போனில் ஒலி வேதாகமத்தைப் போட்டுக்கொள்ளலாம். கத்தோலிக்கக் குடும்பத்தில் இருப்பவர்கள் அன்றைய திருப்பலி வாசகத்தையே இப்படி எடுத்துக்கொள்ளலாம். செபமாலை சொல்கிறவர்கள் ஒரு மறையுண்மையோடு நிறுத்தி, அதையே யோசித்துக்கொண்டிருக்கலாம்.

30-ஆம் வசனத்தை அவசரமாகத் தாண்டாதீர்கள். இளைஞர் இளைப்படைந்து சோர்வார்கள், வாலிபரும் இடறிவிழுவார்கள் என்கிறது அது. வயதும் தெம்பும் இருக்கிறவனும் விழுவான் என்று வேதமே ஒத்துக்கொள்கிறது. அதற்கு அடுத்துதான், "கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து, கழுகுகளைப்போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள், அவர்கள் ஓடினாலும் இளைப்படையார்கள், நடந்தாலும் சோர்வடையார்கள்" என்ற வாக்கு. கழுகையே எல்லாரும் போஸ்டரில் போடுகிறார்கள். மேட்டில் சுமையோடு ஏறுகிற நமக்கு வேண்டியது கடைசி வார்த்தைகள்: நடந்தாலும் சோர்வடையார்கள். பறக்கிற அனுபவம் வராத வாரத்திலும் நடக்கிற பெலன் வரும். அதைப் பெலன் என்று எண்ணிக்கொள்ளத் தெரிய வேண்டும்.

ஐந்தாம் படி: ஓய்வுநாளை உண்மையிலேயே ஓய்வாக்குங்கள்

இதுதான் நம் வீடுகளில் மிகவும் கஷ்டமான படி. ஆண்களுக்கு ஞாயிறு என்றால் ஆராதனை, கறிச் சோறு, தூக்கம். பெண்களுக்கு அதே நாளில் ஆராதனையோடு ஆறு நாள் துணியும், தண்ணீரும், ரேஷனும், அந்தக் கறிச் சோறும் சேர்ந்து நிற்கும். தோட்டத்தில் ஆறு நாள், வீட்டில் ஏழாவது நாள் என்று உழைக்கிற பெண்ணிடம் போய் "கர்த்தருக்குள் இளைப்பாறும்மா" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

உபாகமம் 5-ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளையோடு காரணமும் இருக்கிறது: உன் வேலைக்காரனும் உன் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும், நீ எகிப்திலே அடிமையாயிருந்ததை நினை. அதாவது ஓய்வு எஜமானுக்கு மட்டும் உரியதல்ல. தோட்டங்களில் வாரம் ஒருநாள் ஓய்வு என்பது 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதிவைக்கப்பட்டிருந்த உரிமை. தோட்டம் கொடுக்கிற ஓய்வை வீடு பிடுங்கிக்கொள்ளக் கூடாது.

செய்ய வேண்டியது இதுதான். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பங்கு போடுங்கள். துணி ஒருவர், சமையல் ஒருவர், பாத்திரம் ஒருவர், தண்ணீர் ஒருவர். ஆண்பிள்ளைகளும் கட்டாயம் இதில் உண்டு. அம்மாவுக்கு மத்தியானம் இரண்டு மணி நேரமாவது யாரும் கூப்பிடாத நேரமாக இருக்கட்டும். சபைத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஞாயிறு காலை ஆராதனை, மதியம் கமிட்டி, மாலை பெண்கள் கூடுகை, இரவு வாலிபர் கூட்டம் என்று நாளை நிரப்பாதீர்கள். ஜனங்கள் வராமல் போனால் அவர்களுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று நினைக்கவும் வேண்டாம்.

ஞாயிறன்று டியூட்டி இருக்கிற நர்ஸும் டிரைவரும் லாட்ஜ் ஊழியரும் குற்ற உணர்ச்சியில் வாட வேண்டாம். "மனுஷன் ஓய்வுநாளுக்காக உண்டாக்கப்படவில்லை, ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது" என்றவர் இயேசு. செவ்வாய்க்கிழமை லீவு என்றால் செவ்வாய்க்கிழமையே உங்கள் ஓய்வுநாள். அன்றைக்கு வேறு கூலி வேலைக்கு ஒத்துக்கொள்ளாமல் இருக்க முடிந்தால் நல்லது; கடன் நெருக்கினால் அரை நாளாவது பிடித்துவையுங்கள்.

நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்கிறோம். அதற்கப்புறம் மாதக்கணக்கில் அதில் ஒரு இலைகூடக் கிடைக்காது. அந்தச் செடியைச் சோம்பேறி என்று யாரும் சொல்வதில்லை. மனுஷனுக்கும் அந்த மரியாதையைக் கொடுப்போம்.

ஆறாம் படி: சுமையைப் பங்கிடுங்கள்

மோசே காலை முதல் சாயங்காலம் வரை தனியாக உட்கார்ந்து வழக்குத் தீர்த்துக்கொண்டிருந்தார். மாமனார் எத்திரோ பார்த்துவிட்டு, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று நேராகவே சொன்னார் (யாத்திராகமம் 18). ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வைக்கச் சொன்னார். எலியாவுக்கும் கடைசியில் தேவன் கொடுத்தது ஒரு துணை, எலிசா.

உங்களுக்கு எத்திரோ யார்? உங்கள் முகத்தைப் பார்த்து "இது ரொம்ப அதிகம்" என்று சொல்லக்கூடிய ஒருவர் வேண்டும். அக்கம்பக்கத்தில் மூன்று பேராவது வாரம் ஒருமுறை கூடி, பாட்டும் பிரசங்கமும் இல்லாமல், "இந்த வாரம் எப்படி இருந்தது?" என்று கேட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கலாம். அரை மணி போதும். ஜெபத்தோடு கைவேலையும் சேர்ந்தால் இன்னும் நல்லது: ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் அவர் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோவது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருவது.

அநியாயத்தால் வரும் சோர்வைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கூலி பாக்கி, கூடுதல் நேர வேலைக்குக் காசு தராமல் இருப்பது, பெண்களிடம் தகாத பேச்சு, இவற்றுக்கு "ஜெபம் பண்ணுங்க, எல்லாம் சரியாயிடும்" என்பது முழுப் பதில் ஆகாது. கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரைகூட உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது லேவியராகமம் 19. பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்கிறார் யாக்கோபு. சங்கத்தில் சொல்லுங்கள், தொழிலாளர் துறையில் மனு கொடுங்கள். தனியாகப் போகாமல் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நியாயம் கேட்பதும் விசுவாசிக்கு உரிய காரியமே.

ஏழாம் படி: அரை நாள் தனிமை

சீஷர்கள் ஊழியத்திலிருந்து திரும்பி வந்தபோது, சாப்பிடக்கூட நேரமில்லாத அளவுக்குக் கூட்டம். இயேசு, "வனாந்தரமான ஓர் இடத்தில் தனித்துச் சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்றார் (மாற்கு 6:31). கொடைக்கானல் ஊர் உருவானதுகூட இந்தத் தேவையால்தான். மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிகள் சமவெளியின் வெயிலையும் வியாதியையும் தாங்க முடியாமல் 1845-ல் அங்கே வீடு கட்டிக்கொண்டார்கள். பிரசங்கிக்க வந்தவர்களுக்கே ஓய்வு தேவைப்பட்டது. அந்த மலைகளில் பிறந்து உழைக்கிறவர்களுக்கும் அது வேண்டும்.

சில மாதத்துக்கு ஒருமுறை அரை நாள் எடுங்கள். ஊட்டிக்காரர்களுக்குக் காந்தல் குருசடித் திருத்தலம் இருக்கிறது. கொடைக்கானலில் சலேத் மாதா கோயில் இருக்கிறது. ஊட்டி புனித ஸ்தேவான் ஆலயம் 1830-ல் பிரதிஷ்டை ஆனது. சுற்றுலாப் பயணிகள் பார்க்க வருகிற இடம் என்பதால், கூட்டம் சேருமுன் காலையிலேயே போய்விடுவது நல்லது. இதெல்லாம் தூரம் என்றால் உங்கள் சபைக் கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்குட்டியிடம் சாவி கேட்டு வார நாளில் உட்காருங்கள்.

போய் என்ன செய்வது? முதல் அரை மணி நேரம் ஒன்றும் செய்யாதீர்கள், மூச்சு நிதானப்படட்டும். அப்புறம் மூன்றாம் படியில் சொன்னபடி மனதில் இருப்பதைக் கொட்டுங்கள். ஏசாயா 40-ஐ வாய்விட்டு ஒருமுறை வாசியுங்கள். பிறகு ஒரு தாளில் இரண்டு பத்தி எழுதுங்கள்: நான் விட்டுவிட வேண்டிய சுமை எது, நான் சுமந்தே தீர வேண்டிய சுமை எது. முதலாவதில் ஒன்றையாவது இந்த மாதமே இறக்கிவைக்க ஒரு வழி எழுதுங்கள். இரண்டாவதை ஆண்டவர் முன்பாக வைத்து, "இதற்குப் பெலன் தாரும்" என்று கேளுங்கள். "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள், நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்" என்று கூப்பிட்டவர் அவரே. கொண்டுபோன சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் நடந்துவிட்டு, வீட்டுக்கு வாருங்கள்.

ஓய்வு கெட்டுப்போகும் நாளும் உண்டு. மாற்கு 6-இல் அதுதான் நடந்தது. படகு கரை சேருமுன்னே ஜனங்கள் ஓடிவந்து காத்திருந்தார்கள். இயேசு எரிச்சல்படவில்லை, மனதுருகி, போதித்து, ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடும் கொடுத்தார். அது முடிந்ததும் சீஷர்களைப் படகேற்றி அனுப்பிவிட்டு, ஜெபம்பண்ண மலைக்கு ஏறினார். கைவிட்டுப்போன தனிமையை அன்று ராத்திரியே எடுத்துக்கொண்டார். நீங்கள் லீவு போட்ட நாளில் உறவினர் வந்து நின்றால் முகம் சுளிக்காமல் கவனித்து அனுப்புங்கள். ஆனால் அந்த அரை நாளை அந்த வாரத்துக்குள்ளேயே வேறொரு நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

எட்டாம் படி: வேலைக்குத் திரும்பும்போது

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து வந்த மன்னா என்ற உணவு அந்தந்த நாளுக்கென்றே கிடைத்தது. மீதம் வைத்தது புழுத்துப்போனது. பெலனையும் அப்படியே கேளுங்கள்: இன்றைய எடைக்கு, இன்றைய ஷிஃப்டுக்கு, இன்றைய வகுப்புக்கு. மே மாத சீசன் முழுவதற்குமான பெலனை மார்ச்சிலேயே கேட்டுக் கவலைப்பட வேண்டாம்.

பெலன் திரும்புவதைச் சின்ன அடையாளங்களில் பார்க்கலாம். பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது குறையும். பாட்டு ஒன்று தானாக வாயில் வரும். காலையில் எழும்போது இருந்த பயம் கொஞ்சம் இறங்கும். இதை உங்கள் எத்திரோவிடம் சொல்லுங்கள். நம் முகத்து மாற்றம் நம்மைவிட அவருக்கு முன்னே தெரிந்திருக்கும்.

சோர்வு மறுபடியும் வரும், அடுத்த சீசனில் கட்டாயம் வரும். அப்போது நான்காம் படிக்கோ ஏழாம் படிக்கோ தாவாதீர்கள். ரத்தப் பரிசோதனை செய்து நாளாகிவிட்டதா என்று பாருங்கள், பிறகு இரண்டாம் படிக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, அன்றைக்கு ஒரு மணி நேரம் முன்பே படுங்கள்.